மணிலாவின் கருங்கல் சுவரும் அதிலிருக்கும் பெயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பிள்ளைகள் போகிறார்கள். மணிலா, டவாவ் என்று ஊர்ப் பெயரெல்லாம் இப்போது நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. ஆனால் அந்த நாட்டு வரலாறு என்றால் முன்னாள் அதிபர் மார்கோஸின் மனைவி இமெல்டாவின் செருப்புகளோடு பேச்சு நின்றுவிடும். செருப்பைத் தாண்டிக் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

எந்தச் சுவரைப் பற்றிப் பேசுகிறோம்?

மணிலா மாநகரப் பகுதியில் கேஸோன் சிட்டி என்று ஒரு நகரம். அங்கே கேஸோன் அவென்யூவும் எட்சா நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 'பந்தாயோக் நாங் மங்கா பயானி' என்ற நினைவிடம் இருக்கிறது. தகாலோக் மொழியில் 'வீரர்களின் நினைவுச் சின்னம்' என்று பொருள். எழுதும்போது இன்னும் சுருக்கமாக எழுதுவார்கள், படிக்கும்போது இப்படித்தான் நீட்டுவார்கள். மார்கோஸ் சர்வாதிகாரத்தை எதிர்த்து நின்றவர்களின் பெயர்களைக் கறுப்புக் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெயரும் பெருமையும் எழுதிக் கல் நடுவது நமக்கும் பழகிய வழக்கம்தான், அதனால் நடுகல் என்று சொன்னால் சட்டென்று புரியும். ஊர் எல்லையில் நிற்காமல் பேருந்துகள் இரைந்துகொண்டே இருக்கும் சாலை ஓரத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுவருக்கு முன்னால் 45 அடி உயர வெண்கலச் சிலை. விழுந்து கிடக்கும் ஒரு மகனை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி எழும் ஒரு பெண். தாய்நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தவர் எட்வர்டோ கஸ்த்ரில்லோ. அதே எட்சாவில் கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும் 'மக்கள் சக்தி' சிலைத் தொகுதியும் இவர் செய்ததுதான். அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் உண்டு. அது 1986-ல் மார்கோஸைத் துரத்தத் தெருவில் திரண்ட கூட்டத்துக்கானது. இது அந்தக் கூட்டம் திரள்வதற்கு முன்னால் தனித்தனியாகச் செத்தவர்களுக்கும் ஜெயிலுக்குப் போனவர்களுக்கும்.

சுருக்கமாக, மார்கோஸ் என்ன செய்தார்?

பெர்டினாண்ட் மார்கோஸ் 1965-ல் தேர்தலில் ஜெயித்து அதிபரானவர், 1969-ல் மறுபடி ஜெயித்தார். அப்போதைய அரசியல் சட்டப்படி மூன்றாவது முறை நிற்க முடியாது. 1972 செப்டம்பரில் 1081-ஆம் எண் பிரகடனத்தின் மூலம் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். நாடாளுமன்றம் மூடல், பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் பூட்டு, எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலில். 1981 ஜனவரியில் ராணுவச் சட்டத்தை விலக்கியதாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், அதிகாரங்களை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார். 1986 பிப்ரவரி 25 இரவு குடும்பத்தோடு கிளம்பி, அமெரிக்க விமானப்படை விமானத்தில் ஹவாய் போய்ச் சேர்ந்தார். கூட்டிப் பார்த்தால் 20 வருடம்.

ராணுவச் சட்டம் வந்தது செப்டம்பர் 21-ஆ, 23-ஆ?

காகிதத்தில் 21. மக்களுக்குத் தெரிந்தது 23. அன்று நள்ளிரவு தாண்டியதும் கைதுகள் தொடங்கின, முதலில் தூக்கப்பட்டவர்களில் ஒருவர் செனட்டர் நினாய் அக்கினோ. மாலையில்தான் மார்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தார். 22-ஆம் தேதி இரவு பாதுகாப்பு அமைச்சர் யுவான் பொன்ஸே என்ரிலேயின் கார் சுடப்பட்டது என்று ஒரு காரணமும் காட்டப்பட்டது. அந்தத் தாக்குதல் நாடகம் என்று 1986-ல் என்ரிலேயே ஒப்புக்கொண்டார், பல வருடம் கழித்து எழுதிய தன் வரலாற்றில் மாற்றிச் சொன்னார். மார்கோஸுக்கு 7 ராசியான எண், 21 ஏழால் வகுபடும், அதனால்தான் அந்தத் தேதி என்று அங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இன்றைக்கும் நினைவு நிகழ்ச்சிகளும் ஊர்வலங்களும் 21-ஆம் தேதிதான் நடக்கின்றன. ஒரு வகையில் அவர் விரும்பிய தேதியே நின்றுவிட்டது.

பிலிப்பைன்ஸ் 1946-லேயே சுதந்திரம் வாங்கிவிட்டதே, அப்புறம் இவர்களை ஏன் நாட்டின் விடுதலைக்காகப் போராடியவர்கள் என்கிறார்கள்?

நல்ல கேள்வி. 1946 ஜூலை 4-ல் அமெரிக்கா கொடி இறக்கியது உண்மை, ஆனால் கிளார்க் விமானத் தளமும் சூபிக் கடற்படைத் தளமும் அங்கேயே இருந்தன. வியட்நாம் போருக்கு அவை முக்கியமான பின்தளங்கள். தளங்கள் பத்திரமாக இருக்கும் வரை மணிலாவில் யார் யாரை ஜெயிலில் போட்டாலும் வாஷிங்டனுக்குப் பெரிய கவலை இல்லை. 1981-ல் மணிலாவுக்கு வந்த அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் புஷ், ஜனநாயகத்தில் மார்கோஸுக்கு இருக்கும் பற்றை விருந்தில் பாராட்டிப் பேசிவிட்டுப் போனார். அதனால் சர்வாதிகாரத்தை எதிர்த்தவர்களில் பெரும்பாலோருக்கு 'மார்கோஸ் போகட்டும்' என்பதும் 'தளங்கள் போகட்டும்' என்பதும் ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகள்.

இன்னொன்றும் உண்டு. சுவரில் புதிய பெயர்களைத் திறந்து வைப்பதை நவம்பர் 30-ஐ ஒட்டி நடத்துகிறார்கள். அது ஆந்திரேஸ் போனிபாசியோவின் பிறந்த நாள். 1896-ல் ஸ்பெயினை எதிர்த்துப் புரட்சியைத் தொடங்கிய, கிடங்கில் வேலை பார்த்த மனிதர். அதே 1896 டிசம்பர் 30-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஹோசே ரிஸால் கடைசி இரவில் எழுதிய கவிதையிலிருந்து சில வரிகளும் சுவரோடு இருக்கின்றன. விடியலைப் பார்க்கும் நேரத்தில் சாகிறேன், விடியலுக்குச் சிவப்பு போதாவிட்டால் என் ரத்தத்தை எடுத்துக்கொள் என்று போகும். 1896-ல் செத்தவர்களையும் 1976-ல் செத்தவர்களையும் ஒரே கணக்கில் எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

யார் ஆரம்பித்தது?

மார்கோஸ் ஓடிய 1986-லேயே யோசனை வந்து அறக்கட்டளை உருவாகிவிட்டது. முதல் 65 பெயர்கள் 1992-ல் திறக்கப்பட்டன. இப்போது 300-க்கும் மேல். இதில் ஒரு ஆளைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: ஜொவிட்டோ சலோங்கா.

இளம் வயதில், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர்கள் இவரை ஜெயிலில் போட்டார்கள். 1971-ல் மணிலாவின் பிளாஸா மிராண்டாவில் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் கையெறி குண்டு வெடித்தபோது மேடையில் இருந்தார். ஒரு கண்ணில் பார்வையும் ஒரு காதில் கேட்கும் திறனும் போய்விட்டன, உடம்பில் உலோகச் சில்லுகளோடு மீதி வாழ்க்கையை ஓட்டினார். 1980-ல் மார்கோஸ் அரசும் கைது செய்தது. 1986-க்குப் பிறகு, மார்கோஸ் குடும்பம் சுருட்டிய சொத்தைத் தேடிப் பிடிக்கும் ஆணையத்தின் முதல் தலைவர். 1991 செப்டம்பர் 16-ல் அமெரிக்கத் தளங்களுக்கான ஒப்பந்தம் செனட்டில் 12-க்கு 11 என்று தோற்றபோது செனட் தலைவர் இவர்தான். ஒரே மனிதர் ஜப்பான், மார்கோஸ், அமெரிக்கத் தளம் மூன்றையும் எதிர்கொண்டிருக்கிறார். முந்தைய கேள்விக்கு இவர் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்துவிடலாம். வளாகத்தில் உள்ள கட்டடத்துக்கு இவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுவரில் இருப்பவர்கள் எல்லாம் துப்பாக்கி தூக்கியவர்களா? கம்யூனிஸ்டுகள்தானே?

இது கேள்வி போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் குற்றச்சாட்டாகத்தான் வரும். நேரடியாகவே சொல்கிறேன். காட்டுக்குப் போய் ஆயுதம் எடுத்தவர்கள் சுவரில் இருக்கிறார்கள். மக்கிபாகா என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கிய லொரேனா பர்ரோஸ் 1976-ல் ராணுவத்தோடு நடந்த மோதலில் செத்தார். கவிஞர் எம்மானுவேல் லகாபாவும் அதே வருடம் மிண்டனாவில் கொல்லப்பட்டார். இதை யாரும் மறைக்கவில்லை. அதே சுவரில் செனட்டர்கள் இருக்கிறார்கள், பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள், பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள், விவசாயிகள், சமார் தீவில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்ததற்காகச் சுடப்பட்ட ரெம்பர்ட்டோ தெ லா பாஸ் என்ற டாக்டர், அந்திகே மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் எவேலியோ ஹவியேர் எல்லாரும் இருக்கிறார்கள். ஹவியேர் கையில் இருந்ததெல்லாம் ஓட்டுக் கணக்கு மட்டும்தான். 1986 பிப்ரவரி 11 அன்று பட்டப்பகலில் ஊர்ச் சதுக்கத்தில் துரத்திச் சுட்டார்கள்.

ஆயுதம் எடுத்தவர் எப்படி அங்கே போனார் என்பதையும் பார்க்க வேண்டும். எட்கர் ஜாப்சன் கதை அதற்குச் சரியான உதாரணம். மணிலாவில் மளிகைக் கடை நடத்தியவரின் மகன். நல்ல கல்லூரி, நல்ல மதிப்பெண், தேசிய மாணவர் சங்கத் தலைவர், தீவிர இடதுசாரிகள் 'இவன் ரொம்ப மிதவாதி' என்று கேலி செய்த அளவுக்கு மிதவாதி. 1970 ஜனவரியில் அதிபர் மாளிகையில் மார்கோஸை நேரில் சந்தித்தபோது, மூன்றாவது முறை நிற்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். மார்கோஸுக்குக் கோபம். நீ ஒரு மளிகைக் கடைக்காரன் மகன்தானே என்கிற மாதிரி ஏளனமாகப் பேசினார். அந்தக் காகிதம் கையெழுத்தாகவில்லை. இரண்டே வருடத்தில் ராணுவச் சட்டம். பேச்சுவார்த்தை நடத்த ஆளும் இல்லை, இடமும் இல்லை என்றான பிறகு ஜாப்சன் தலைமறைவு இயக்கத்துக்குப் போனார். 1982 செப்டம்பர் 20-ல், நம் பிள்ளைகள் இப்போது படிக்கிற அதே டவாவ் நகரத்தில், ராணுவச் சோதனையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு கையெழுத்து கேட்டவரை ஒரு பத்தாண்டில் எங்கே கொண்டு நிறுத்தினார்கள் என்று யோசித்தால், 'கம்யூனிஸ்டுகள்தானே' என்ற கேள்வியை அவ்வளவு லேசாகக் கேட்க வராது.

மாணவர்கள் நிறைய இருக்கிறார்களா?

மிக நிறைய. ஒருவரை மட்டும் சொல்கிறேன். லிலியோசா ஹிலாவ், 23 வயது, மணிலா நகரப் பல்கலைக்கழக மாணவி, மாணவர் பத்திரிகையில் ஆசிரியர் பொறுப்பு. 1973 ஏப்ரலில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள், சில நாளில் உடலைத்தான் கொடுத்தார்கள். தானே அமிலம் குடித்துவிட்டாள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். உடம்பில் இருந்த காயங்கள் வேறு சொல்லின. ராணுவச் சட்டக் காலத்தில் காவலில் இறந்ததாகப் பதிவான முதல் ஆட்களில் ஒருவர். அந்த மாதமே பட்டமளிப்பு. உயர் தகுதியோடு தேறியிருந்தார். விழாவில் அவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். 1973-ல், எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு காலி நாற்காலி போடுவதற்கே எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

நகரத்துப் படித்தவர்கள் மட்டும்தானா?

இல்லை. எனக்கு இந்தச் சுவரில் மிகவும் பிடித்த பெயரே எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருடையது.

வடக்கு லூசோன் மலைகளில் கலிங்கா என்று ஒரு பகுதி இருக்கிறது (நம் ஒடிசாக் கலிங்கத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை). அங்கே சீகோ ஆற்றில் நான்கு அணைகள் கட்ட 1970-களில் மார்கோஸ் அரசு திட்டம் போட்டது. உலக வங்கிப் பணம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நெல் வயல்கள், ஊர்கள், முன்னோர்களைப் புதைத்த இடங்கள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். புக்னாய் என்ற ஊரின் தலைவர் மக்லி-இங் துலாக். சாலை பராமரிப்புக் கூலி வேலை செய்தவர். தங்களுக்குள் காலம் காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இனக்குழுக்களை 'போதோங்' என்ற பழைய சமாதான உடன்படிக்கை முறையில் ஒன்று சேர்த்தார். அளவெடுக்க வந்தவர்களின் கூடாரங்களைப் பெண்கள் பிடுங்கி எறிந்தார்கள், மேலாடையைக் கழற்றிவிட்டு ராணுவத்துக்கு முன்னால் நின்றார்கள்.

அரசு ஆள் ஒருவர் அவரிடம் ஒரு கவரை நீட்டினாராம். இதற்குள் இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும், கடிதமாக இருந்தால் எனக்குப் படிக்கத் தெரியாது, பணமாக இருந்தால் என்னிடம் விற்க எதுவும் இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். நிலத்துக்குப் பட்டா எங்கே என்று கேட்டபோது, நமக்குப் பிறகும் இருக்கப் போகிற நிலத்தை நாம் எப்படிச் சொந்தம் கொண்டாடுவது என்ற பொருளில் அவர் சொன்ன பதில் அந்த நாட்டில் இன்னமும் சுவரொட்டிகளில் வருகிறது.

1980 ஏப்ரல் 24 இரவு சிப்பாய்கள் வந்து அவர் வீட்டைப் பார்த்துச் சுட்டார்கள். அவர் செத்தார். எதிர்ப்பு இன்னும் பெரிதானது, உலக வங்கி விலகியது, அந்த நான்கு அணைத் திட்டம் கைவிடப்பட்டது. ஏப்ரல் 24-ஐ அந்த மலை மக்கள் 'கார்டில்லெரா நாள்' என்று ஒவ்வொரு வருடமும் கூடிக் கொண்டாடுகிறார்கள்.

யார் பெயரைச் சுவரில் வெட்டலாம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

உயிரோடு இருப்பவர்கள் பெயர் கிடையாது. ராணுவச் சட்டக் காலத்திலேயே எதிர்ப்பில் உயிரை விட்டவர்கள் ஒரு வகை. அப்போது போராடி, பிழைத்து, கடைசிவரை அதே நேர்மையோடு வாழ்ந்து இறந்தவர்கள் இன்னொரு வகை. செனட்டர் ஹோசே டியோக்னோ இந்த இரண்டாவது வகை. ஏறக்குறைய இரண்டு வருடம் ஜெயிலில் இருந்தார், வழக்கே போடவில்லை. வெளியே வந்ததும் 1974-ல் இலவச வக்கீல் குழு ஒன்றைத் தொடங்கி, கட்டணம் இல்லாமல் கைதிகளுக்காக வாதாடினார்.

முன்மொழியப்படும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஆராய்ந்து கோப்பு தயாரிக்கிறார்கள். சலிப்பான வேலைதான். ஆனால் எனக்கு இந்த நினைவிடத்தில் கல்லைவிட, சிலையைவிட, அந்தக் கோப்புகள்தான் முக்கியமாகத் தெரிகின்றன. காரணம் அடுத்த கேள்வியில்.

செத்தவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்களே?

அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கணக்கு, அம்னெஸ்டி இன்டர்நேஷனலை ஆதாரமாக வைத்துச் சொல்லப்படுவது: சுமார் 70,000 பேர் சிறை, 34,000 பேர் சித்திரவதை, 3,200-க்கும் மேல் கொலை. ஹவாய் நீதிமன்றத்தில் மார்கோஸுக்கு எதிராக நடந்த கூட்டு வழக்கில் 9,539 பேர். 2013 சட்டப்படி பிலிப்பைன்ஸ் அரசே அமைத்த இழப்பீட்டு வாரியத்துக்கு வந்த மனுக்கள் 75,000-க்கு மேல், அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் 11,103.

இவை ஒன்றுக்கொன்று முரண்படவில்லை, எண்ணிய விதம் வேறு. 11,103 என்பது ஆவணமும் சாட்சியமும் காட்டி நிரூபித்தவர்கள் மட்டும். 40 வருடத்துக்கு முன்னால் ராணுவ முகாமில் அடித்ததற்கு யார் ரசீது கொடுத்தார்கள்? நிறைய மனுக்கள் அதனாலேயே விழுந்தன. இந்த இடத்தில்தான் கன்னியாஸ்திரிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1974-ல் கத்தோலிக்கத் துறவியர் சபைகள் கைதிகளுக்காக ஒரு பணிக்குழு அமைத்தன. தானே ஜெயிலுக்குப் போய் வந்த மரியானி திமரனான் என்ற சிஸ்டர் அதை நெடுங்காலம் நடத்தினார். முகாம் முகாமாகப் போய் யார் உள்ளே, எப்போது பிடித்தார்கள், உடம்பில் என்ன காயம் என்று எழுதி வைத்தார்கள். அந்தக் காகிதங்கள் பின்னால் சாட்சியங்களாயின. அவர் பெயரும் சுவரில் இருக்கிறது.

மார்கோஸ் ஒரு போர் வீரர், நிறையப் பதக்கம் வாங்கியவர் என்கிறார்களே?

அவர் சொன்னது அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் 'மஹர்லிகா' என்ற கெரில்லாப் படையை நடத்தியதாகச் சொல்லிக்கொண்டார். 1982-ல் 'வீ ஃபோரம்' என்ற சின்னப் பத்திரிகை அந்தப் பதக்கங்களைக் கேள்வி கேட்டுத் தொடர் வெளியிட்டது. பத்திரிகையைப் பூட்டி, ஆசிரியர் ஹோசே பர்கோஸையும் மற்றவர்களையும் கைது செய்தார்கள். 1986 ஜனவரியில், தேர்தலுக்குச் சரியாகச் சில நாள் முன்னால், அமெரிக்க ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய ராணுவக் கோப்புகள் வெளியே வந்தன. போர் முடிந்த கையோடு அமெரிக்க ராணுவமே அந்தக் கோரிக்கையை மோசடி என்று தள்ளியிருந்தது தெரிய வந்தது. 40 வருடம் ஒரு அலமாரியில் தூங்கிய காகிதம்.

சுவிஸ் வங்கிக் கதையும் இதே மாதிரிதான். 1968-ல் மார்கோஸும் இமெல்டாவும் 'வில்லியம் சாண்டர்ஸ்', 'ஜேன் ரயன்' என்ற பொய்ப் பெயர்களில் சுவிட்சர்லாந்தில் கணக்குத் தொடங்கியிருந்தார்கள். ஓடும்போது மாளிகையில் விட்டுப் போன ஆவணங்களில் அது சிக்கியது. 65 கோடி டாலருக்கும் மேலான அந்தப் பணம் அரசுக்குச் சேர வேண்டியது என்று 2003-ல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலே சொன்ன 11,103 பேருக்குப் பிரித்துக் கொடுத்த 1,000 கோடி பெசோ அதிலிருந்து எடுத்ததுதான். தங்களை அடித்தவர் திருடி வைத்த பணமே இழப்பீடாக வந்தது, வேறென்ன சொல்ல.

1986-ல் மார்கோஸைத் தூக்கியது ராணுவமா, மக்களா?

இரண்டும். ஆனால் நான் கதையைக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்களிடமிருந்து தொடங்குவேன். 1983 ஆகஸ்ட் 21-ல் நாடு திரும்பிய நினாய் அக்கினோ விமான நிலையத்திலேயே சுடப்பட்டார். கொதிப்பு அடங்காமல், 1986 பிப்ரவரி 7-ல் திடீர்த் தேர்தல், மார்கோஸுக்கு எதிராக நினாயின் மனைவி கோரி. பிப்ரவரி 9 இரவு, தேர்தல் ஆணையத்துக்காக ஓட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள், தாங்கள் ஏற்றும் எண்ணும் பலகையில் வரும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று எழுந்து வெளியே நடந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், பலர் அழுதுகொண்டே போய் ஒரு சர்ச்சில் தஞ்சம் புகுந்தார்கள். கணக்குத் தப்பு, இதில் நான் உட்கார மாட்டேன் என்று எழுந்தது ஒரு புரட்சியின் ஆரம்பம் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 22-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் ராணுவத் துணைத் தளபதி ராமோஸும் பக்கம் மாறினார்கள், மணிலா பேராயர் கார்டினல் சின் மக்களை வானொலியில் அழைத்தார், எட்சா சாலையில் ஜனங்கள் பீரங்கி வண்டிகளுக்கு முன்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்தார்கள். நான்கு நாள். என்ரிலேயும் ராமோஸும் அதுவரை ராணுவச் சட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஆட்கள் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

மார்கோஸையும் வீரர்கள் கல்லறையில்தான் புதைத்திருக்கிறார்களாமே?

ஆமாம். அது வேறு இடம், தகிக் நகரில் உள்ள 'லிபிங்கன் நாங் மங்கா பயானி'. மார்கோஸ் 1989-ல் ஹவாயில் இறந்தார். உடலை 1993-ல் கொண்டுவந்து சொந்த ஊரான பதாக்கில் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டியில் 23 வருடம் வைத்திருந்தார்கள். 2016-ல் அதிபர் துதெர்தே அனுமதி கொடுக்க, உச்ச நீதிமன்றம் 9-க்கு 5 என்று 'சட்டத்தில் தடை இல்லை' என்றது. பத்தே நாளில், நவம்பர் 18 அன்று, முன்கூட்டிச் சொல்லாமல் அவசரமாகப் புதைத்துவிட்டார்கள். சேதி பரவியதும் அன்று மாலையே மாணவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

ஆக, ஒரே மாநகரத்தில் 'பயானி' என்ற அதே சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டு இரண்டு இடங்கள். ஒன்றில் சுட உத்தரவிட்டவர், இன்னொன்றில் சுடப்பட்டவர்கள்.

அவருடைய மகன் எப்படி அதிபரானார்?

2022 மே மாதம், 3.1 கோடிக்கும் மேல் ஓட்டு வாங்கி. இதை முட்டாள்தனம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. 1986-க்குப் பிறகு வந்த ஆட்சிகள் நிலத்தையும் வேலையையும் சரிசெய்யவில்லை, எட்சா கூட்டத்தில் நின்ற ஏழை ஏழையாகவே இருந்தார். மார்கோஸ் காலத்தில் கட்டிய சான் ஹுவானிகோ பாலமும் இதய மருத்துவமனையும் கண்ணுக்குத் தெரிகின்றன, அதற்கு வாங்கிய கடன் தெரிவதில்லை. அவர் போனபோது வெளிநாட்டுக் கடன் ஏறக்குறைய 2,600 கோடி டாலர். கூடவே யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் 'பொற்காலம்' என்று வருடக்கணக்கில் ஓடிய வீடியோக்கள். ஓட்டுப் போட்டவர்களில் பெரும் பகுதியினர் அந்தக் காலத்தைப் பார்த்தே இராதவர்கள்.

2023-ல் பள்ளிப் பாடத்திட்டத்தில் 'மார்கோஸ் சர்வாதிகாரம்' என்ற தலைப்பை வெறும் 'சர்வாதிகாரம்' என்று மாற்றினார்கள். ஒரே ஒரு பெயரை எடுத்தார்கள், அவ்வளவுதான். பெயருக்கு எவ்வளவு எடை என்பது பெயரைக் கல்லில் வெட்டுகிறவர்களுக்கும் தெரிகிறது, எடுக்கிறவர்களுக்கும் தெரிகிறது.

போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். எம்.ஆர்.டி. ரயிலில் கேஸோன் அவென்யூ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். சுவரும் சிலையும் திறந்தவெளியில் இருக்கின்றன. உள்ளே சின்ன அருங்காட்சியகம், அதில் சிறைக்கூடம் ஒன்றின் மாதிரியை அமைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

காணாமல் போனவர்கள்? அவர்களுக்கு இறந்த தேதியே கிடையாதே?

ஆமாம், கோப்பில் எழுத முடியாத இடம் அது. 1977 ஜூலையில் தெற்கு தகாலோக் பகுதியில் இயங்கிய பத்து இளைஞர்களை ராணுவம் பிடித்தது. பெரும்பாலானோர் இன்றுவரை கிடைக்கவில்லை. 2012 டிசம்பரில் ஆட்களைக் காணாமல் ஆக்குவதைத் தனிக் குற்றமாக்கிய சட்டம் வந்தது, ஆசியாவில் அந்த மாதிரிச் சட்டம் அதுதான் முதல். பெற்றோர் பலர் அதைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாளில், அந்த நாடே மெழுகுவர்த்தியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டங்களுக்குப் போகும். போகக் கல்லறை இல்லாத இந்தக் குடும்பங்கள் பக்லரான் தேவாலயத்தில் உள்ள நினைவிடத்தில் கூடுகிறார்கள். போட்டோவைக் கீழே வைத்து, அதன் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள்.